ஏழு இருபத்தைந்து, கடல்நிலை

முஹர்ரக் தொகுதியில் இரண்டு முறை வென்று
மூன்றாம் முறை நூற்றுப் பதினாறு வாக்கில் தோற்ற
சுஹைல் அல்மஹாரை
வானொலிக்குத் தலைவராக அனுப்பினார்கள்.
தோற்றவருக்கு ஒரு நாற்காலி,
நாற்காலிக்கு ஒரு வாய்.
கேன்டீனில் அப்படித்தான் பேசிக்கொண்டோம்.

முதல் நாள் ஒலிப்பதிவு அறையில்
மேடை என்று நினைத்து முழங்கினார்.
முள் சிவப்பில் போய் முட்டி நின்றது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
கையைத் தாழ்த்திக் காட்டினேன்.
அவைத்தலைவர் மணியடித்தும் அடங்காத குரல்
நூற்றெண்பது தினார் சம்பளக்காரனின்
உள்ளங்கைக்கு அடங்கியது.
போகும்போது பெயர் கேட்டார்.
கழுகாசலமூர்த்தியில் அவர் நாக்குக்கு அகப்பட்டது
‘கலு’ மட்டும்.

கடல்நிலை அறிவிப்பு தினமும் தமிழில் ஐந்து நிமிடம்
என்று அவர் உத்தரவிட்டது கருணையால் அல்ல.
படகு அவருடைய தொகுதிக்காரனுடையது.
படகில் போகிறவன் குளச்சல்காரன்,
அரபியில் வந்த எச்சரிக்கையைக்
கச்சேரிக்கு முன்னுரை என்று நினைத்து
வலையை இறக்கியவன்.
வாக்கு முதலாளியிடம். வலை இவனிடம்.
நடுவில் ஐந்து நிமிடம் கண்டுபிடித்தார் பாருங்கள்,
அதுதான் அரசியல்.

வாசிக்க ஆள் தேடினார்கள். நான்தான் கிடைத்தேன்,
கோவில்பட்டிக்காரன்.
கடலை என்றால் எனக்கு மிட்டாய்.

ஷமால் என்று வந்ததை வாடை என்று வாசித்தேன்.
மறுநாள் படகுத்துறையிலிருந்து போன்:
“வாடைல ஈரம் உண்டு மக்கா.
இது மண்ணத் தின்னுட்டு வாற காத்து.
ஷமாலுன்னே சொல்லும்.
அலை எத்தன அடின்னு மட்டும்
ரெண்டு தடவ சொல்லும், எஞ்சின் சத்தத்துல கேக்காது.”
அன்றிலிருந்து இரண்டு தடவை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்.
அவருடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பழைய உறுப்பினர்
நேரலையில் குடிநீர்க் குழாய் ஒப்பந்தம் பற்றிப் பேசிய இரவு
மேலிருந்து இன்டர்காம் கூப்பிட்டது.
“கலு. கோளாறு.”
அவ்வளவுதான் சொன்னார்.
இறக்கினேன். நாற்பது நொடி மௌனம், பிறகு ஊது என்கிற வாத்தியம்.
அந்த மனிதர் ஒரு சொல்லின் பாதியில் இருந்தார்.
மறு பாதி என் விரலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
அடுத்த மாதம் பதினைந்து தினார் கூடியது.
வேண்டாம் என்று சொல்லவில்லை நான்.

ஆறாம் ஆண்டு, ஒரு செவ்வாய்.
பதவி நீக்க ஆணை ஏழு மணிச் செய்திக்கு வந்தது.
மாடியில் இருக்காமல் இறங்கி வந்து
என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.
வாசித்தவள் அம்னா, அவர் வேலைக்கு எடுத்த பெண்.
பெயர் வந்த இடத்தில் அவள் குரல் தேய்ந்தது,
முள் படுத்துவிட்டது.
“ஏற்று” என்றார். “முஹர்ரக் வரை கேட்கட்டும்.”
ஏற்றினேன்.

ஏழு இருபத்தைந்து.
அவர் எழுந்து போகவில்லை.
நான் உள்ளே போனேன்.
வடமேற்கிலிருந்து ஷமால், இரவு வலுக்கும்.
அலை ஆறு முதல் எட்டு அடி.
அலை ஆறு முதல் எட்டு அடி.
நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஒரு சொல்லும் புரியாத மனிதர்
கையைத் தாழ்த்திக் காட்டிக்கொண்டிருக்கிறார்.
கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெளியே அவருடைய கார்
அதற்குள் வேறு பெயருக்கு மாறியிருந்தது.
வாசல் விளக்கைச் சுற்றி மண் பறக்க ஆரம்பித்திருந்தது.
டாக்சிக்கு நிற்கும்போது கேட்டார்,
ஒரே வரியை ஏன் இரண்டு முறை வாசித்தாய்?
எஞ்சின் சத்தம் என்றேன்.

தலைத்துணியை மூக்கோடு சுற்றிக்கொண்டு
யோசித்துச் சொன்னார்:
“சரிதான். மூன்றாவது முறை
யாரும் கேட்க மாட்டார்கள்.”